சம்பந்தியோடு எல்லை வரை

ஆகஸ்ட் 4, திங்கள்

பினாங்கில் இன்றும் மழை. பால்கனியில் காய்ந்த துணிகளை உள்ளே எடுத்துப் போட்டேன். அதில் பாதி சம்பந்தியம்மாளின் நைட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பூக்கடையே விரிந்து கிடக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் மனுஷிக்கு இப்படிப் போட்டுக்கொள்ள எப்படித்தான் மனசு வருகிறதோ.

பெயர் தங்கபுஷ்பம். மருமகள் வினோலியாவின் அம்மா. தூத்துக்குடியில் புருஷன் வற்றல் மண்டி வைத்திருக்கிறார். பேரன் பிறந்து நாலாவது மாதம் நாங்கள் இரண்டு பேரும் இங்கே வந்தோம். எனக்கு ஒரு வாரம் முன்னால் அவள் வந்து சேர்ந்துவிட்டாள். அந்த ஒரு வாரத்தில் அடுக்களை டப்பாக்கள் அத்தனையும் இடம் மாறிவிட்டிருந்தன. இப்போது மூன்று மாதமாகிறது. மிளகு எங்கே இருக்கிறது என்று நான் இன்னமும் அவளைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

இருவருக்கும் ஒரே அறை, ஒரே கட்டில். படுத்த உடனே தூங்கிவிடுவாள். மனசில் ஒன்றும் இல்லாதவர்களுக்குத்தான் அப்படித் தூக்கம் வரும்.

சாப்பிடும்போது பரிதி சொன்னான்.

"அம்மா, அத்தை, அடுத்த திங்கக்கிழமையோட ரெண்டு பேருக்கும் விசா முடியுது. போன மாசம் மாதிரி நான் கார்ல கூட்டிட்டுப் போக முடியாது, லீவு இல்ல. வேன் ஒண்ணு சொல்லியிருக்கேன். சனிக்கிழமை தாய்லாந்துப் பக்கம் போயிட்டு, ரெண்டு ராத்திரி தங்கிட்டு வந்துடுங்க."

இந்த நாட்டில் எங்களுக்குச் சுற்றுலாப் பயணி என்று பெயர். ஒரு மாதம் இருக்கலாம். மாதம் முடிவதற்குள் எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் தலையைக் காட்டிவிட்டு வந்தால் இன்னொரு மாதம். எங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் யாராவது இப்படி ஒரு ஓட்டையை விட்டு வைத்திருந்தால் மறுநாளே மெமோ கொடுத்திருப்பேன். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவளுக்கு இப்போது இந்தப் பிழைப்பு.

"அங்க மாம்பழம் நல்லா இருக்கும்லா மாப்ள?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம். அவளுக்கு அதுதான் கவலை.

ஆகஸ்ட் 6, புதன்

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது எங்கள் பக்கத்தில் ஒரு முறையோடு நடக்கும். இவள் காலை நீட்டி உட்கார்ந்து, கோழிக்குஞ்சைப் புரட்டுவது மாதிரிப் புரட்டுகிறாள். வாய் ஓயாத பேச்சு வேறு. அவனும் என்னவோ அர்த்தம் புரிந்த மாதிரிச் சிரிக்கிறான். ஏழு மாதக் குழந்தைக்குச் சிரிக்க எது இருந்தாலும் போதும்.

துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சம்பந்தியம்மாள் மலாய் மொழி பேசுகிறாள். கீழே காய்கறிச் சந்தையில் கற்றுக்கொண்டதாம். மீன்காரனிடம் குழந்தையைக் காட்டி "சுச்சு, சுச்சு" என்கிறாள். பேரன் என்று அர்த்தமாம். குளிப்பதற்கு மாண்டி, சமைப்பதற்கு மாசாக். இந்த மூன்று சொல்லையும் கையை ஆட்டி ஆட்டிச் சேர்த்து, அவனுக்குத் தன் தினப்படி வேலைகளையெல்லாம் சொல்லிவிட்டாள். அவன் இரண்டு மீன் கூடப் போட்டான். நான் ஆங்கிலத்தில் விலை கேட்டேன். காது கேட்காதவன் மாதிரி நின்றான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வினோலியா அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறாள். ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரே சுவர். ஒட்டுக் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. பாத்திரம் தேய்க்கும்போது காதை எங்கே கழற்றி வைப்பது.

"ரெண்டு பேரும் எதுக்கு? ஒருத்தங்க போதுமே" என்றாள் அவள்.

"ஒருத்தர்னா யாரு? அம்மாவ நான் எங்க அனுப்புறது?"

"நான் யாரையும் அனுப்பச் சொல்லல. குழந்தை யார்கிட்ட இருக்கானோ அவங்க இருக்கட்டும்னு சொல்றேன்."

பரிதி அதற்கு ஏதோ சொன்னான். குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. என்னை விட்டுக்கொடுத்துப் பேசியிருக்க மாட்டான். தஞ்சாவூர் வீட்டைக் காலி செய்யச் சொன்னதே அவன்தான். சாமான்கள் மைத்துனர் வீட்டு மொட்டை மாடி அறையில் கிடக்கின்றன. தார்ப்பாய் போட்டு மூடியிருப்பதாக அவர் சொன்னார்.

இரண்டு நாளைக்கு வேண்டிய துணி எடுத்து வைத்தேன். சம்பந்தியம்மாள் முறுக்கு, அதிரசம், ஒரு பாட்டில் ஊறுகாய், இட்லிப் பொடி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறாள். எல்லையில் கடை போடப்போகிறாள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

வேன் ஓட்டி வந்தவள் ஒரு பெண். ரூபாவதி என்று பெயர், சுங்கைப்பட்டாணிக்காரி, நாற்பது வயதிருக்கும். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முடிவில் ஒரு 'லா' வைத்துத் தைத்துவிடுகிறாள். எங்களோடு இன்னும் மூன்று பேர். ஒரு வங்காளிப் பையன், அரைக்கால் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவன், அவன் பெண்டாட்டியா மகளா என்று தெரியாத ஒருத்தி. எல்லாரும் சுற்றுலாப் பயணிகள்.

பாலம் தாண்டுவதற்குள் சம்பந்தியம்மாள் முறுக்கு டப்பாவைத் திறந்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டாள். வெள்ளைக்காரன் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினான். அப்புறம் அவள் தலையை ஜன்னலில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கெடா வயல்வெளி வந்ததும் ரூபாவதி கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆண்ட்டி, திரும்பி வர்றப்ப கவுண்டர்ல கேள்வி கேப்பாங்க. பாஸ்போர்ட்ல சாப் நிறைய இருக்குல்ல. சுத்திப் பாக்க வந்தோம், மகன் வீடு இங்க இருக்கு, அடுத்த மாசம் போயிருவோம். அவ்ளோதான் சொல்லணும். பிள்ளைய பாத்துக்கிறேன், குளிப்பாட்டுறேன், சமைக்கிறேன்னு ஒண்ணும் சொல்லிறாதீங்க லா. அவங்க அத வேலை பாக்கிறதா எடுத்துக்குவாங்க. போன மாசம் ஒரு பாட்டியம்மாவ திருப்பி அனுப்பிட்டாங்க."

பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரையைத்தான் இவர்கள் சாப் என்கிறார்கள்.

"எனக்குத் தெரியும்" என்றேன். முப்பத்திரண்டு வருஷம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு இவள் சொல்லித்தருகிறாள்.

"தூங்குற ஆண்ட்டிக்கும் சொல்லிருங்க, ஆ?"

சரி என்று தலையாட்டினேன்.

தூங்குகிறவர்களை எழுப்பும் வழக்கம் எனக்கு இல்லை.

தாய்லாந்துப் பக்கத்தில் எல்லையை ஒட்டி டானோக் என்று ஒரு ஊர். ஊர் என்று சொல்வது மரியாதைக்கு. ஒரே தெரு. இரண்டு பக்கமும் மசாஜ் கடைகள், வாசலில் வரிசையாகப் பெண்கள். இரண்டு கைம்பெண்களை, இல்லை, ஒரு கைம்பெண்ணையும் ஒரு சுமங்கலியையும் கொண்டுவந்து இறக்குவதற்குப் பரிதிக்குக் கிடைத்த இடம். ஓட்டல் அறையில் இரட்டைக் கட்டில். அங்கேயும் ஒரே மெத்தை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாள் முழுக்க வேலையில்லை. தெருவில் இரண்டு முறை நடந்தோம். சம்பந்தியம்மாள் மாம்பழம் வாங்கினாள், தேங்காய்ப்பாலில் வேக வைத்த பசையரிசிச் சோறும் வாங்கினாள். ஓட்டல்காரி ஒரு குண்டுப் பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குத் தாய் மொழி தெரியாது. மத்தியானம் போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்து மீன் பொரிக்கிறார்கள்.

ரூபாவதி சொன்னதை மதியச் சாப்பாட்டின்போது சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அப்போது அவள் புருஷன் தொலைபேசியில் வந்துவிட்டார். மண்டியில் வரவு குறைவாம், முழங்கால் வலியாம், தண்ணீர் மோட்டார் ரிப்பேராம். நிறைய நேரம் பேசினார்கள். வைத்துவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அதிசயமாக வாயே திறக்கவில்லை.

சாயங்காலமும் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லி என்ன ஆகப்போகிறது? இதைச் சொல்லாதே என்று சொன்னால் அதைத்தான் முதலில் சொல்லுகிற ஜாதி. அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு அங்கே போய் உளறுவதைவிட, ஒன்றும் தெரியாமல் போவதே நல்லது.

இரண்டு மூன்று தடவை என் முகத்தைப் பார்த்தாள். "என்ன மைனி, ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு?" என்றாள்.

தலைவலி என்றேன். தைலம் தேய்த்துவிட்டாள். கை கரடுமுரடு.

ஆகஸ்ட் 11, திங்கள்

நான் வந்து சேர்ந்துவிட்டேன். அவளை விடவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பக்கத்துப் பக்கத்து வரிசை. என் கவுண்டரில் இருந்த பையன் இரண்டு கேள்வி கேட்டான். மகன் வீடு, சுற்றிப் பார்க்க, அடுத்த மாதம் கிளம்புகிறேன். சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன். முத்திரை குத்தினான். மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தேன்.

அவள் கவுண்டரில் முக்காடு போட்ட ஒரு பெண் அதிகாரி. சிரித்த முகம். ஏதோ கேட்டாள். சம்பந்தியம்மாள் போனை எடுத்து, பேரன் படத்தைக் காட்டினாள். "சுச்சு" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு கையாலும் தலையில் தண்ணீர் ஊற்றிக் காட்டி "மாண்டி" என்றாள். கிண்டிக் காட்டி "மாசாக்" என்றாள். "டாட்டர் ஜாப்" என்றாள். "ஐ ஆல்" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினாள்.

அதிகாரியின் சிரிப்பு குறைந்தது. பாஸ்போர்ட்டைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினாள். எழுந்து போய் இன்னொருவரிடம் காட்டினாள். அப்புறம் சம்பந்தியம்மாளை ஓரமாக ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். திரும்பிப் போக விடமாட்டார்கள். கேட்டுப் பார்த்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள்.

பெஞ்சிலிருந்து அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "நீங்க போங்க மைனி, பிள்ளைக்குப் பசிக்கும்" என்று அங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ரூபாவதி வேன் பக்கத்தில் நின்று கேட்டாள். "நீங்க அவங்ககிட்ட சொன்னீங்கதானே ஆண்ட்டி?"

"அந்த அம்மாவுக்கு வாய் நிக்காது" என்றேன்.

அவள் வேனைக் கிளப்பி ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். நல்லதாகப் போயிற்று.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

குழந்தை பால் குடிக்கவில்லை.

கட்டில் முழுக்க எனக்கு. தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

நேற்றுப் பகலெல்லாம் அழுதான். நான் தூக்கினால் முதுகை வில்லாக வளைக்கிறான். எண்ணெய் தேய்த்தேன், முறையோடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு நீலம் பாய்கிற அளவுக்கு அழுதான். வினோலியா ஓடி வந்து வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டாள் என்றுதான் எழுதவேண்டும். பிடுங்கவில்லை.

மாலையில் போனில் அம்மாவின் முகத்தைக் காட்டினாள். அந்தச் சின்னக் கண்ணாடிச் சதுரத்துக்குள் அவள் "எலே ராசா" என்றதும் அழுகை நின்றது. ஏழு மாதத்திலேயே கெட்ட பழக்கம்.

டானோக் ஓட்டலுக்கே திரும்பிப் போயிருக்கும் அவளை அப்படியே ஊருக்கு அனுப்புவதென்று முடிவாகிவிட்டது. ஹாட்யாய் விமான நிலையத்திலிருந்து பாங்காக், அங்கிருந்து சென்னை. வந்தபோது கணவர் கூட வந்து விட்டுப்போனார். தனியாக விமானம் ஏறியதில்லை.

"அத்தை, நீங்க போய் அம்மாவை ஏத்திவிட்டுட்டு வர்றீங்களா?" என்றாள் வினோலியா. "அவங்க பெட்டியெல்லாம் இங்கதான் இருக்கு. இவருக்கு லீவு இல்ல. நான் இவனை விட்டுட்டு எப்படிப் போறது? உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியும்."

மூன்று மாதத்தில் இந்த வீட்டில் என் ஆங்கிலத்துக்கு இன்றுதான் வேலை வந்திருக்கிறது.

"ரெண்டு நாள் முன்னாடிதான் உள்ள வந்தேன். மறுபடி போயிட்டு வந்தா சந்தேகப்படுவாங்க" என்றேன்.

பரிதி குனிந்து சாக்ஸ் போட்டுக்கொண்டே சொன்னான். "அப்படி விடலைன்னாலும் கவலைப்படாதீங்கம்மா. உங்களுக்கும் அங்கேருந்தே திருச்சிக்கு டிக்கெட் போட்டுடறேன். எதுக்கும் உங்க துணிமணி எல்லாத்தையும் எடுத்துட்டே போயிடுங்க. மாத்திரையும்."

ரொம்பவும் முன்யோசனைக்காரன். அப்பாவுக்கு இது கிடையாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரண்டு பெட்டிகளோடு டானோக் வந்தேன். வழியெல்லாம் என்ன எதிர்பார்த்தேன் என்றால், அழுது வீங்கிய முகத்தோடு கட்டிலில் சுருண்டு கிடப்பாள், நான் சமாதானம் சொல்லவேண்டியிருக்கும். அதற்கான வார்த்தைகளைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

ஓட்டலில் இல்லை. ஓட்டல்காரி தெருவுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். மசாஜ் கடையின் முன்னறையில், சாய்வு நாற்காலியில், பூப்போட்ட நைட்டியோடு சம்பந்தியம்மாள் படுத்திருக்கிறாள். ஒரு பெண் அவள் காலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் இப்படி ஒரு காட்சியைப் பார்த்திருந்தால் கதவைச் சாத்திவிட்டு வந்திருப்பேன்.

"வாங்க மைனி. நீங்களும் உக்காருங்க. முட்டிக்கு எப்படி சுகமா இருக்குங்கிய."

உட்காரவில்லை. வெளியே நின்றேன்.

சாயங்காலம் அறையில் பெட்டியைத் திறந்து துணிகளைச் சரிபார்த்தாள். ஒரு நைட்டியை எடுத்து ஓட்டல்காரிக்கு என்று தனியாக வைத்தாள். மாம்பழச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் பாதி தள்ளினாள். ஒரு வாய் வைத்த பிறகு, ஊறுகாய் எடுத்துத் தரவா என்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அந்த வண்டிக்காரப் பிள்ளை சொன்னத நீங்க எங்கிட்ட சொல்லலியே மைனி."

என் வாயில் சோறு இருந்தது.

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்க" என்றேன்.

"நான் எங்க தூங்குனேன். வண்டி ஆடுனா எனக்குக் குமட்டும். கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன். பூராவும் கேட்டுச்சு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

"கேட்டுட்டுமா அங்க போய் அப்படிப் பேசினீங்க?"

"வேணும்னுதான் பேசுனேன். அந்தப் பொம்பள ஆபீசருக்கு மொதல்ல வெளங்கல. மாண்டி, மாசாக்னு நடிச்சுக் காட்ட வேண்டியதாப் போச்சு."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரவுக அங்க ஒத்தையில கெடக்காவ. முட்டி வீங்கிப் போயிருக்கு. ஓட்டல்ல வாங்கித் திங்காவ. நான் ஊருக்குப் போறேன்னு சொன்னா வினோ அழுதா. ரெண்டு மாசமாச் சொல்லிப் பாத்துட்டேன். எனக்கும் சலிச்சுப் போச்சு மைனி. பெத்தது, வளத்தது, கட்டிக் குடுத்தது எல்லாம் முடிஞ்சு, இப்ப மறுபடியும் மொதல்ல இருந்தா? பேரன்னா உசுருதான். அதுக்காக எந்நேரமும் இடுப்புலயே வச்சிருக்க முடியுமா? ஆபீசரு விடலன்னு சொன்னா யாரும் யாரையும் கொற சொல்ல முடியாதுல்லா."

மூன்று மாதம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறேன். இவளுக்கு இப்படி ஒரு நினைப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அவள் ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

"நான் சொல்லியிருந்தா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவள் கரண்டியை நக்கிவிட்டு யோசித்தாள்.

"சொல்லியிருந்தா வாய மூடிக்கிட்டு உங்க கூட உள்ள வந்திருப்பேன். நம்மளும் இருக்கணும்னு ஒருத்தி நெனைக்கும்போது எப்படி விட்டுட்டுப் போறது? சனிக்கெழம பூரா பாத்தேன், ஞாயித்துக்கெழம பூரா பாத்தேன். இப்ப சொல்லுவிய, இப்ப சொல்லுவியன்னு. நீங்க சொல்லல. எனக்கு லேசாப் போச்சு."

"கோபமா?"

"ரெண்டு நாள் இருந்துச்சு. வினோகிட்ட சொல்லிரணும்னுகூட நெனைச்சேன். அப்புறம் போனு போட்டா பிள்ள அழுத சத்தந்தான் கேக்கு. பாவம், நீங்க அங்க கெடந்து படுறதே போதும்னு விட்டுட்டேன்."

பாவம் என்றாள். என்னை. முப்பத்திரண்டு வருஷம் என் மேசைக்கு முன்னால் நின்ற ஜனங்களைப் பார்த்து நான் மனசுக்குள் சொன்ன வார்த்தை அது. அதை ஒருத்தி நைட்டி போட்டுக்கொண்டு, மாம்பழச் சோறு தின்றுகொண்டு எனக்குச் சொல்கிறாள்.

பாதிச் சோற்றையும் தின்று முடித்தேன்.

படுத்த உடனே தூங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் ஹாட்யாய் விமான நிலையம். சக்கர நாற்காலி சொல்லியிருந்தோம். அதில் ஏறி உட்காரமாட்டேன் என்று பிடிவாதம். "நல்லா நடக்கிற மனுசி எதுக்கு இதுல போகணும்? பாக்கிறவுக என்ன நெனைப்பாவ?" என்றார். பாங்காக்கில் வழி தெரியாமல் நிற்பதைவிட இது மேல் என்று நான் அதட்ட வேண்டியிருந்தது. என் குரலுக்கு அலுவலகத்தில் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். இவர் உட்கார்ந்தார்.

நாற்காலியைத் தள்ள வந்த பெண்ணிடம் ஆங்கிலத்தில் எல்லாம் விளக்கினேன். அவள் தலையாட்டினாள். புரிந்ததா என்று தெரியவில்லை. அதற்குள் சம்பந்தியம்மாள் அவளுக்கு ஓர் அதிரசம் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அவள் கவனமாகப் பார்த்துக்கொள்வாள் என்று தோன்றியது.

"வாறேன் மைனி. ஊருக்கு வந்தா தூத்துக்குடிக்கு வாங்க. மண்டில போய்க் கேட்டா வீட்டக் காட்டுவாவ."

"வரேன்" என்றேன். எதற்குப் போகப்போகிறேன்.

"நான் செஞ்சது..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க. நேரமாச்சு" என்றார்.

உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சக்கர நாற்காலிக்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்.

விமானம் கிளம்பிவிட்டது என்று பரிதிக்குச் சொன்னேன். "சரிம்மா. எல்லைக்குப் போயிட்டு என்ன ஆச்சுன்னு உடனே சொல்லுங்க. திருச்சி டிக்கெட் பாத்து வச்சிருக்கேன்" என்றான்.

ஆகஸ்ட் 16, சனி

நேற்று விமான நிலையம் வரைக்கும்தான் எழுத முடிந்தது. மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

எல்லைக்கு வரும்போது மதியம் தாண்டிவிட்டது. ரூபாவதி அந்தப் பக்கம் வேனோடு நிற்பதாகச் சொல்லியிருந்தாள். வரிசையில் என் பெட்டிதான் பெரியது. சொல்லவேண்டிய பதில்களை மனசுக்குள் ஆங்கிலத்தில் அடுக்கி வைத்திருந்தேன். இலக்கணப் பிழை வராது.

என் முறை வந்தது. அன்றைக்குச் சம்பந்தியம்மாளைத் திருப்பி அனுப்பிய அதே பெண் அதிகாரி. சிரித்த முகம். பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். திங்கட்கிழமைதானே வந்தாய், நேற்று போனாய், இன்று மறுபடி வருகிறாயே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சம்பந்தியை விமானம் ஏற்றப் போனேன் என்றேன். எதற்காக இங்கேயே இருக்கிறாய் என்றாள். மகன் வீடு என்றேன். பெட்டி ஏன் இவ்வளவு பெரியது என்றாள். பெட்டியைக் காலோடு இழுத்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் கேட்டாள். "பேபி இருக்கா வீட்டில்?"

இருக்கிறது என்றேன்.

"நீதான் பேபியைப் பார்த்துக்கொள்கிறாயா?"

இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அடுக்கி வைத்திருந்ததில் அந்த வார்த்தைதான் இருந்தது. நான் சொன்னது இது.

"இல்லை. அவன் என்னிடம் வருவதில்லை."

அவளுக்கு விளங்கவில்லை. மன்னிக்கவும், என்ன சொன்னாய் என்றாள். கண்ணாடித் தடுப்பில் உள்ள ஓட்டைப் பக்கம் குனிந்து, சத்தமாகத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. "அவன் என்னிடம் வருவதில்லை. நான் தூக்கினால் அழுகிறான்." பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். கண்காணிப்பாளர் நாற்காலியிலிருந்து நான் யாரையாவது அப்படிப் பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை. முத்திரையை எடுத்துக் குத்தினாள்.

ரூபாவதி பெட்டியை வாங்கி வைத்தாள். பழைய கேள்வியைக் கேட்பாள் என்று பயந்தேன். "சாப்பிட்டீங்களா ஆண்ட்டி?" என்றாள். இல்லை என்றதும் வழியில் நிறுத்தி ரொட்டி சானாய் வாங்கித் தந்தாள். குழம்பில் உப்பு இல்லை. முழுவதும் சாப்பிட்டேன்.

பரிதிதான் கதவைத் திறந்தான். முதலில் பெட்டியைப் பார்த்தான், அப்புறம் என்னை.

"விட்டுட்டாங்களா?" என்றான்.

"விட்டுட்டாங்க."

"ஓ" என்றான். பெட்டியை வாங்கிச் சுவரோரம் வைத்தான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் பெற்ற பிள்ளை. மகிழ்ச்சி என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை.

காலையில் வினோலியா குளிக்கப் போகும்போது குழந்தையைப் பாயில் விட்டுவிட்டுப் போனாள். "கொஞ்சம் பாத்துக்கங்க அத்தை" என்றாள். அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். உதடு பிதுங்கியது.

வழக்கமாக உடனே தூக்கிவிடுவேன். இன்று தூக்கவில்லை. பாயில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே உட்கார்ந்து எத்தனையோ காலமாயிற்று, முட்டி மடங்கவில்லை, காலை நீட்டிக்கொண்டேன். அவன் அழுதான். சத்தமாக, நிறைய நேரம், முகம் சிவக்க அழுதான். நானும் அங்கேயே இருந்தேன். என்ன பேசுவது என்று தெரியாததால், எல்லையில் பார்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.